வேங்கடத்து எல்லை – 11: சித்தூருக்கு வந்த நட்சத்திரம்

இதுவரை: 1952 டிசம்பர் 15 இரவு, பொட்டி ஸ்ரீராமுலு மயிலாப்பூரில் உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்டார். நான்கு நாள் கழித்து, ஆந்திர மாநிலம் அமையும் என்று நேரு அறிவித்தார். 1953 அக்டோபர் 1 அன்று கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திரம் பிறந்தபோது, சித்தூர் மாவட்டம் முழுசாக அங்கே போய்ச் சேர்ந்தது. திருப்பதி போனது, திருத்தணியும் கூடவே போனது. ம.பொ.சி., மங்கலங்கிழார், திருத்தணி வழக்கறிஞர் கே. விநாயகம் ஆகியோர் வடக்கெல்லைக்காக மறியல் செய்தார்கள், சிறை சென்றார்கள். எச்.வி. படாஸ்கரின் மத்தியஸ்தத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தாலுகாவின் பெரும்பகுதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. பதிலுக்குச் சத்தியவேடு வட்டாரம் சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது.

●

எல்லைத் தகராறு தீர்ந்துவிட்டது என்று இரண்டு மாநில அரசுகளும் பெருமூச்சு விட்டன. பத்திரிகைகள் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டன.

நாமும் போய்விட முடியாது. ஏனென்றால் இதற்கு இரண்டு வருஷம் கழித்து, இதே சித்தூரில் ஒரு விசித்திரம் நடந்தது.

ராஜாஜி சென்னை மாநில முதல்வராக இருந்த காலத்தில்தான் சித்தூர் நம் மாநிலத்தைவிட்டுப் போனது. அதே சித்தூர், ஒன்பது ஆண்டு கழித்து, ராஜாஜி தொடங்கிய கட்சியின் தலைவரைத் தன் எம்.பி.யாக டெல்லிக்கு அனுப்பியது. அவர் சித்தூர்க்காரரும் இல்லை. அவர் ஊர் குண்டூர்ச் சீமையில், வெகுதூரம் வடக்கே.

மொழிக்காக ரயிலை மறித்த மண்ணில் இது எப்படி நடந்தது? அதைச் சொல்ல, முதலில் அந்த மண்ணைக் கொஞ்சம் நடந்து பார்த்தாக வேண்டும்.

●

பழைய சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1 அன்று வெள்ளைக்கார நிர்வாகம் ஒட்டுப்போட்டுத் தைத்த மாவட்டம். சித்தூர், பலமநேர், சந்திரகிரி, திருத்தணி ஆகியவை வட ஆற்காட்டிலிருந்து வந்தன. மதனப்பள்ளியும் வாயல்பாடும் கடப்பையிலிருந்து வந்தன. காளஹஸ்தி, கார்வேட்டிநகரம், புங்கனூர் என்று ஜமீன்கள் வேறு. அதுவரை வட ஆற்காட்டுக்கே தலைநகராக இருந்த சித்தூர், அன்றுமுதல் தன் பெயரில் ஒரு மாவட்டத்துக்குத் தலைநகரானது. வேலூர் நம் பக்கத் தலைநகரானது.

மேற்கே குப்பத்தில் நின்றால் அது மைசூர்ப் பீடபூமியின் விளிம்பு. கேழ்வரகும் மல்பெரியும் விளையும் செம்மண். பாலாறு கர்நாடகத்திலிருந்து இந்த வழியாகத்தான் நம் வாணியம்பாடிக்கு இறங்குகிறது. வடமேற்கே மதனப்பள்ளி, அதற்கப்பால் ஹார்ஸ்லி மலை, கோடையிலும் குளிர். பலமநேரிலிருந்து மொகிலிக் கணவாய் இறங்கினால் வெப்பம் முகத்தில் அடிக்கும். சித்தூர் வந்துவிட்டது என்று பொருள். அங்கே மாந்தோப்பு, கரும்பு, வேர்க்கடலை. வெல்லம் காய்ச்சும் பருவத்தில் ஊரே இனிப்பாக மணக்கும்.

கிழக்கே நகரி, புத்தூர். தறிச் சத்தம் கேட்கும் ஊர்கள். ரயிலில் போகிறவர்களுக்கு நகரி மலையின் மூக்கு ஒரு வழிகாட்டி. வடக்கே சேஷாசலம், செம்மரக் காடு. அதன் அடியில் திருப்பதி. அதைத் தாண்டினால் சுவர்ணமுகி நதிக்கரையில் காளஹஸ்தி. அங்கிருந்து கடலோரச் சமவெளி தொடங்கிவிடுகிறது.

இத்தனை நிலத்துக்கும் பொதுவான ஒரு விஷயம் உண்டு. எங்கேயும் ஜீவநதி கிடையாது. ஏரி உண்டு, கிணறு உண்டு, மழை பார்த்து வானத்தை நோக்கும் பழக்கம் உண்டு. கிருஷ்ணா, கோதாவரிக் கால்வாய்ப் பாசனத்தில் நெல் விளைத்த ஆந்திரக் கடலோரத்துக்கும் இந்த ஊருக்கும் தெலுங்கு ஒன்றுதான் பொது.

மொழியை வைத்துக் கிராமம் கிராமமாகப் பிரித்த படாஸ்கர் கோடு தண்ணீரைப் பார்த்துப் போட்ட கோடு இல்லை. நீவா நதி சித்தூர் ஊருக்குள் ஓடி, எல்லை தாண்டிப் பொன்னையாறாகிப் பாலாற்றில் கலக்கிறது. ஆரணியாறு நாகலாபுரம் பக்கத்து மலைகளில் பிறந்து, ஊத்துக்கோட்டை வழியாகப் பழவேற்காட்டுப் பக்கம் வருகிறது. இன்றைக்கும் மழைக்காலத்தில் ஆந்திரத்தின் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால், பள்ளிப்பட்டுத் தரைப்பாலம் மூழ்கிப் பேருந்து நின்றுவிடுகிறது. திருவள்ளூர் மாவட்டச் செய்தியாளர்கள் அவ்வப்போது எழுதும் செய்தி இது.

ரயிலிலும் அப்படித்தான். திருத்தணிக்கு அடுத்து பொன்பாடி; அதோடு நம் மாநிலம் முடிகிறது. அதற்கடுத்த ஸ்டேஷன் வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை. பெயர்ப்பலகையைப் படித்து முடிப்பதற்குள் வண்டி நகரி போய்விடும். நகரியில் இறங்கினால் கடைத்தெருவில் கேட்கும் தமிழ், பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் பேசும் அதே தமிழ்.

●

இந்த ஊர்க்காரர்கள் தங்களை என்னவென்று சொல்லிக்கொள்வது?

‘ராயலசீமை’ என்ற பெயர் 1928இல் நந்தியால் மாநாட்டில் வழக்குக்கு வந்தது. அதற்குமுன் ‘தத்த மண்டலங்கள்’ என்பார்கள். நிஜாம் 1800இல் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்த மாவட்டங்கள். கடப்பை, அனந்தப்பூர், கர்நூல், பல்லாரி எல்லாம் அந்தக் கணக்கில் வருகின்றன. சித்தூரின் பெரும்பகுதி வராது. அது ஆற்காட்டு நவாபின் சீமை. ஆனாலும் வறட்சியும் வழியும் ஒன்றாக இருந்ததால், அரசியலில் ராயலசீமையோடு சேர்ந்துகொண்டது.

1937இல் ஸ்ரீபாக் ஒப்பந்தம் ராயலசீமைக்குச் சில வாக்குறுதிகள் தந்தது. அதன்படிதான் கர்நூல் தலைநகரானது. மூன்றே வருஷம். 1956 நவம்பரில் தெலங்கானாவோடு இணைந்ததும் தலைநகர் ஹைதராபாத்துக்குப் போய்விட்டது. சென்னையையும் இழந்து, கர்நூலையும் இழந்த சீமைக்காரருக்கு மனத்தாங்கல் இருந்ததில் வியப்பில்லை. சித்தூர்க்காரருக்கு அது இரு மடங்கு. வேலூரும் சென்னையும் அவருக்குக் கூப்பிடு தூரம். ஆஸ்பத்திரி, கல்லூரி, சந்தை, சம்பந்தம் எல்லாம் இந்தப் பக்கம். அரசாங்கம் மட்டும் ஹைதராபாத்தில்.

அரசியலிலும் இந்த மாவட்டத்துக்கு ஒரு பழைய வாடை உண்டு. நீதிக்கட்சியின் முதல்வராக இருந்த பனகல் ராஜா காளஹஸ்தியில் பிறந்தவர். ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் சி.ஆர். ரெட்டி, சித்தூரை ஒட்டிய கட்டமஞ்சிக்காரர். அவரும் நீதிக்கட்சியில் இருந்தவர். ஜமீன், நிலம், கோயில், படிப்பு: அரசியல் இவற்றைச் சுற்றியே ஓடியது. கம்யூனிஸ்ட் கட்சி கிருஷ்ணா, குண்டூர் மாவட்டங்களை உலுக்கிய காலத்தில்கூடச் சித்தூர் அந்த அளவுக்கு அசையவில்லை.

1948இன் ஜமீன் ஒழிப்புச் சட்டம் காளஹஸ்தியையும் கார்வேட்டிநகரத்தையும் வரலாறாக்கியது. ஜமீன்தார்கள் போனார்கள். ரயத்துகள் எஞ்சினார்கள். பத்து ஏக்கரும் ஒரு கிணறும் வைத்திருந்த அந்த ரயத்துதான் இனி கதாநாயகன்.

●

எல்லைக்கோடு விழுந்தபோது சித்தூரின் எம்.பி. யார்? மாடபூஷி அனந்தசயனம் ஐயங்கார்.

திருப்பதிக்குப் பக்கத்தில் திருச்சானூரில் 1891இல் பிறந்தவர். சித்தூர் வழக்கறிஞர். 1934இலேயே மத்திய சட்டசபைக்குப் போனவர். 1952இல் திருப்பதியிலும் 1957இல் சித்தூரிலும் ஜெயித்தவர். மாவலங்கர் இறந்ததும் 1956 மார்ச்சில் மக்களவைச் சபாநாயகரானார்.

வீட்டில் ஐயங்கார்த் தமிழ், மேடையில் தெலுங்கு, படிப்பில் சமஸ்கிருதம். எல்லைப் போராட்டம் கொதித்த நாட்களில் இப்படி ஒருவரை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது? யாரும் சேர்க்கவில்லை, அவரும் காங்கிரஸ் பக்கத்திலேயே நின்றுகொண்டார். திருமலையில் மார்கழி வந்தால் சுப்ரபாதம் நின்று திருப்பாவை ஒலிக்கிறது. இரவில் சுவாமி உறங்க அன்னமாச்சாரியாரின் தெலுங்குத் தாலாட்டு. இந்த மலையடிவாரத்தில் வளர்ந்தவருக்கு, ‘தமிழா, தெலுங்கா’ என்ற கேள்வியே டெல்லிக்காரர் கேட்கிற கேள்வி மாதிரி இருந்திருக்கும்.

மரபில் ஊறிய இந்தக் காங்கிரஸ்காரர் இருந்தவரை, சித்தூரின் பழைமைப் பற்றுக்குத் தனிக் கட்சி தேவைப்படவில்லை. அந்தப் பற்று காங்கிரசுக்குள்ளேயே வசதியாக உட்கார்ந்திருந்தது.

●

1959 ஜனவரி. நாகபுரியில் காங்கிரஸ் மகாசபை.

அங்கே ஒரு தீர்மானம் நிறைவேறியது. நிலத்துக்கு உச்சவரம்பு வேண்டும். விவசாயிகள் நிலங்களை ஒன்றாக்கிக் கூட்டுறவுப் பண்ணையாகச் சாகுபடி செய்ய வேண்டும். நேருவின் கனவு அது.

தீர்மானத்தைப் படித்துவிட்டுக் கொதித்தவர்களில் ஒருவர் என்.ஜி. ரங்கா. குண்டூர் மாவட்டம் நிடுப்ரோலுவில் 1900இல் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டுத் திரும்பி, சொந்த ஊரில் விவசாயிகளுக்கு அரசியல் சொல்லிக்கொடுக்கப் பள்ளி நடத்தியவர். காங்கிரஸிலிருந்து பிரிந்து கிருஷிகார் லோக் கட்சி கண்டார். 1955 ஆந்திரத் தேர்தலில் கம்யூனிஸ்டுகளைத் தடுக்கக் காங்கிரஸோடு அணிசேர்ந்தார். 196 இடங்களில் 146 அந்த அணிக்கு, கம்யூனிஸ்டுகளுக்கு 15. பிறகு காங்கிரஸுக்கே திரும்பி, 1957இல் தெனாலியின் எம்.பி. ஆனார்.

நாகபுரித் தீர்மானத்துக்குப் பிறகு ரங்கா மறுபடி வெளியே வந்தார். இந்த முறை திரும்பிப் போகும் உத்தேசம் இல்லை.

1959 ஜூன் 4. சென்னை. எண்பது வயது ராஜாஜி புதுக் கட்சியை அறிவித்தார். சுதந்திராக் கட்சி. மினு மசானி பொதுச்செயலாளர், தலைவர் ரங்கா. சின்னம் நட்சத்திரம். ‘பர்மிட்–லைசென்ஸ் ராஜ்யம்’ என்று ராஜாஜி வைத்த பெயர் நாடெங்கும் ஒட்டிக்கொண்டது.

இந்தக் கட்சியை மகாராஜாக்களின் கட்சி, முதலாளிகளின் கட்சி என்று ஒற்றை வரியில் தள்ளிவிடுவது நம் வழக்கம். ராஜஸ்தானத்துக்கும் பம்பாய்க்கும் அது ஓரளவு பொருந்தும். சித்தூருக்குப் பொருந்தாது. இங்கே அந்தக் கட்சிக்குக் காது கொடுத்தவர்களிடம் அரண்மனையும் இல்லை, ஆலையும் இல்லை.

●

கிணற்றடிக்குப் போனால்தான் இது விளங்கும்.

கால்வாய்ப் பாசன ஊரில் தண்ணீர் சர்க்கார் தருவது. மதகு திறக்கும் தேதியை அதிகாரி சொல்வார். பக்கத்து வயல்காரனும் நானும் ஒரே வாய்க்காலில்தான் பாய்ச்சியாக வேண்டும். கூடி வாழ்வது அங்கே பழக்கம், அல்லது கட்டாயம்.

சித்தூரில் தண்ணீர் என்பது என் கிணறு. பாறையை வேட்டு வைத்துப் பிளந்தவன் என் அப்பன். பத்து முழத்தில் ஊறாதது பதினைந்தில் ஊறும் என்று நம்பி, நகையை அடகு வைத்து மேலும் வெட்டியவன் நான். கவலை கட்டி இரண்டு மாடுகள் பின்னுக்கும் முன்னுக்கும் நடந்து, தோல் பறியில் நீர் ஏறி, கரும்புக்குப் பாயும். மின்சாரம் வந்த ஊர்களில் கடன் வாங்கி மோட்டார் வைத்தாயிற்று. அந்தக் கடன் யார் பெயரில்? என் பெயரில்.

இப்போது ஒருவர் டெல்லியிலிருந்து வந்து, எல்லோர் நிலத்தையும் சேர்த்துக் கூட்டுப் பண்ணையாக்கலாம் என்கிறார். நல்ல யோசனைதான். என் கிணறு யாருடையது?

இந்தக் கேள்விக்குக் காங்கிரஸ் மேடையில் பதில் இருந்ததாகத் தெரியவில்லை. கூட்டுப் பண்ணை எங்கும் பெரிதாக நடைமுறைக்கு வரவே இல்லை என்பது பின்னால் தெரிந்த கதை. ஆனால் 1961இல் ஆந்திரப் பிரதேச நில உச்சவரம்புச் சட்டம் வந்தே விட்டது. அந்தச் சட்டத்தில் ஓட்டைகள் ஏராளம். பெரிய நிலக்காரர் நிம்மதியாகத் தப்பித்தார். பயந்தவன் பத்து ஏக்கர்க்காரன். சட்டம் அவனைத் தொடாது என்று யாராவது பொறுமையாக எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டியவர்கள் கோஷ்டிச் சண்டையில் மும்முரமாக இருந்தார்கள்.

சாதிக் கணக்கும் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. ஆந்திரக் காங்கிரஸில் ரெட்டிகளின் கை ஓங்கியிருந்தது. ரங்கா கம்மவார் சமூகம். சித்தூர், சந்திரகிரி வட்டாரங்களில் நாயுடு என்று பட்டம் போட்டுக்கொள்ளும் கம்மவார் விவசாயிகள் கணிசம். ரங்காவின் நெருங்கிய தோழர் கௌது லச்சண்ணா, பிற்படுத்தப்பட்ட வகுப்பினரின் தலைவர். ஆக, ‘பழைமைவாதக் கட்சி’ என்ற அட்டையின் கீழே, ஆட்சியில் பங்கு கிடைக்காதவர்களும் சேர்ந்து நின்றார்கள்.

●

1962 பிப்ரவரி. பொதுத்தேர்தல்.

சுதந்திராவுக்கு இந்தியா முழுவதும் மக்களவையில் 18 இடம். ஆந்திரச் சட்டசபையில் 19. முதல் தேர்தலுக்கு மோசமில்லை.

ஆனால் தலைவர் தோற்றுப்போனார். தெனாலியில், தன் சொந்தச் சீமையில், கம்யூனிஸ்ட் வேட்பாளரிடம் ரங்கா தோற்றார். 1955இல் யாரைத் தடுத்து நிறுத்தினாரோ, அவர்களிடமே.

சித்தூரில் அனந்தசயனம் ஐயங்கார் மீண்டும் ஜெயித்தார். அப்போது சித்தூரில் ரங்காவுக்கு வேலையே இல்லை. நம் கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

முடிக்கவிடாமல் செய்தவர், தானறியாமலே, ஒரு திருத்தணிக்காரர்.

●

சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888இல் திருத்தணியில் பிறந்தபோது அந்த ஊர் வட ஆற்காடு மாவட்டம். அவர் பேராசிரியரானபோது சித்தூர் மாவட்டம். 1960இல் செங்கல்பட்டு மாவட்டம். மனிதர் ஒருவர்தான், ஊரும் ஒன்றுதான். அவர் தமிழ்நாட்டில் பிறந்தாரா, ஆந்திரத்தில் பிறந்தாரா என்ற கேள்வி எழுவதற்கே இந்த எல்லைதான் காரணம்.

1962 மே மாதம். ராஜேந்திர பிரசாத் ஓய்வு பெறுகிறார். துணை ஜனாதிபதியாக இருந்த ராதாகிருஷ்ணன் ஜனாதிபதியாகிறார். அவர் இடத்துக்குத் துணை ஜனாதிபதியாக ஜாகிர் ஹுசேன் வருகிறார். ஜாகிர் ஹுசேன் அதுவரை பீகார் ஆளுநர். ஆகவே பாட்னா ராஜ்பவன் காலி.

அங்கே போனவர் அனந்தசயனம் ஐயங்கார். புதிய மக்களவைக்கு ஹுக்கம் சிங் சபாநாயகராகிவிட்டிருந்தார். முன்னாள் சபாநாயகருக்குக் கௌரவமான ஓர் இடம் தேவைப்பட்டது. மே 12 அன்று ஐயங்கார் பீகார் ஆளுநரானார். மறுநாள் ராதாகிருஷ்ணன் ஜனாதிபதியாகப் பதவியேற்றார்.

சித்தூர் தொகுதி காலியானது.

சில மாதங்களுக்கு முன் தெனாலியில் வீழ்ந்த மனிதர், சித்தூருக்கு வந்து வேட்புமனு போட்டார்.

●

இடைத்தேர்தலில் ரங்கா ஜெயித்தார்.

அதே வருஷம், அதே வாக்காளர்கள், அதே தொகுதி. பிப்ரவரியில் காங்கிரஸ் ஐயங்கார்; பிறகு சுதந்திரா ரங்கா. சில மாதத்தில் ஒரு தொகுதியின் கொள்கை மாறிவிடுமா? மாறவில்லை என்பதே என் கட்சி. சித்தூர் இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே மனப்போக்குக்குத்தான் ஓட்டுப் போட்டது. கோயில், குடும்பம், சொந்த நிலம், சர்க்காரிடம் கொஞ்சம் எட்டி நிற்பது. ஐயங்கார் இருந்தவரை அதற்குக் காங்கிரஸில் ஓர் ஆள் இருந்தார். அவர் பாட்னா போனதும் அந்த ஓட்டு ஆளைத் தேடிக் கட்சி மாறியது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் மொழிவாரியாகக் கிராமம் எண்ணிய மாவட்டம் இது. நகரியிலும் புத்தூரிலும் தமிழ் பேசுவோர் அப்படியே இருந்தார்கள். ஆனால் அவர்களுக்காகத் தனிக்குரல் எழுப்பும் பெரிய கட்சி எதுவும் அங்கே மிஞ்சவில்லை. திருத்தணி திரும்பியதோடு வடக்கெல்லைப் போராட்டத்தின் வேகமும் தணிந்தது. கோட்டுக்கு அப்பால் நின்றுபோன தமிழர், நிலத்தையும் தறியையும் பற்றிப் பேசிய கட்சிகளுக்குள் கரைந்தார்கள். ‘வேங்கடத்தை விடமாட்டோம்’ என்ற முழக்கம் சென்னை மேடைகளில் நினைவாகத் தங்கியது. வேங்கடத்தின் அடிவாரத்தில் பேச்சு உச்சவரம்பைப் பற்றி இருந்தது.

ரங்கா சித்தூர் எம்.பி.யாக மக்களவையில் சுதந்திராக் கட்சியை நடத்தினார். ரயத்துவாரி நிலத்தையும் ‘எஸ்டேட்’ என்பதற்குள் அடக்கி, நிலச் சட்டங்களை நீதிமன்றத்துக்கு எட்டாத ஒன்பதாவது அட்டவணையில் வைத்த 17ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1964இல் வந்தது. அதை எதிர்த்து அவையில் கடுமையாகப் போராடியவர்களில் ரங்கா முன்னணியில் நின்றார். திருத்தம் நிறைவேறிவிட்டது. தோற்றாலும், மொகிலிக் கணவாய்க்குக் கீழே கிணறு வெட்டியவனின் பயத்துக்கு டெல்லியில் ஒரு குரல் இருந்தது என்பதை மறுக்க முடியாது. அந்தப் பயத்தில் எவ்வளவு நியாயம் என்பது வேறு விவகாரம். நிலமே இல்லாமல் அந்தக் கிணற்றில் கவலை ஓட்டிய கூலிக்காரனுக்கு அதே டெல்லியில் யார் பேசினார்கள் என்று கேட்டால், சுதந்திராவிடம் பதில் இல்லை.

●

1967 வந்தது. சுதந்திராக் கட்சிக்கு அதுதான் உச்சம். மக்களவையில் 44 இடம். சென்னையில் ராஜாஜியின் ஆசியோடு தி.மு.க. கோட்டையைப் பிடித்தது. திருத்தணியில், எல்லைக்காகச் சிறை சென்ற விநாயகம் சட்டமன்ற உறுப்பினரானார்.

கட்சிக்கு இப்படியொரு நல்ல காலம். சித்தூரோ கையில் இருந்த தொகுதி. ஆனால் ரங்கா 1967இல் சித்தூரிலிருந்து மக்களவைக்குப் போகவில்லை. மாநிலத்தின் மறுகோடியில், ஒடிசா எல்லையை ஒட்டிய ஸ்ரீகாகுளத்தில் நின்று ஜெயித்துப் போனார்.

சித்தூர் ரங்காவைக் கைவிட்டதா, ரங்கா சித்தூரைக் கைவிட்டாரா?

அடுத்த வாரம் பார்ப்போம்.